கட்டைவிரலே பிரேக்: சென்டர்பின் ரீலும் ஓடும் தக்கையும்

ஓடும் ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாலத்தில் நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது மேல்தண்ணீரின் வேகம். தரையை ஒட்டி ஓடும் தண்ணீர் கூழாங்கல்லிலும் மணலிலும் பாசியிலும் உரசி வேகத்தை இழக்கிறது. அதற்கு மேலுள்ள அடுக்கு இந்த மெதுவான அடுக்கோடு உரசித் தானும் கொஞ்சம் தளர்கிறது. இப்படி அடுக்கடுக்காக, மேலே போகப் போக வேகம் கூடுகிறது. ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் பொறியாளர்கள் சராசரி வேகம் தெரிய வேண்டுமென்றால், மேற்பரப்பிலிருந்து மொத்த ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே கருவியை இறக்கி அளக்கிறார்கள். தோராயக் கணக்குக்கு ‘ஏழில் ஒன்று அடுக்கு விதி’ என்று ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அதன்படி பார்த்தால், 2 மீட்டர் ஆழமுள்ள ஆற்றின் மேற்பரப்பு நொடிக்கு 60 செ.மீ. ஓடும்போது, தரைக்கு 10 செ.மீ. மேலே உள்ள தண்ணீர் நொடிக்கு 39 செ.மீ. தான் ஓடும். கல்லும் களையும் நிறைந்த தரையென்றால் அதுவும் குறையும்.

மீன் மேய்வது பெரும்பாலும் இந்த அடித்தண்ணீரில்தான். அங்கே இருந்தால் நீந்துவதற்குச் செலவாகும் சக்தி குறைவு. புழுவும் பூச்சியும் விதையும் உருண்டு வருவதும் அந்த வழியாகத்தான். நொடிக்கு 39 செ.மீ. வேகத்தில் மிதந்துவரும் தீனிக்குப் பழகிய மீன் அது. இப்போது தக்கை கட்டிய தூண்டிலை மேலே மிதக்க விடுகிறோம். தக்கை மேல்தண்ணீரோடு நொடிக்கு 60 செ.மீ. ஓடுகிறது, தன் கீழே தொங்கும் இரையையும் அதே வேகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. கூடவே மிதந்துவரும் மற்ற புழுக்களை எல்லாம் முந்திக்கொண்டு ஒரு புழு மட்டும் ஓடுகிறது. விவரமான மீன் அதைத் தொடாது.

தக்கை மேல்தண்ணீரில் இருக்க வேண்டும், இரை அடித்தண்ணீரின் வேகத்தில் போக வேண்டும். ஓடும் நீரில் தக்கை கட்டி மீன் பிடிக்கும் கலை முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. அதற்கு இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டிரென்ட் ஆற்றங்கரையில் கிடைத்த விடைதான் சென்டர்பின் ரீல். நவீன ரீல்கள் கடை நிறையக் கிடைக்கும் இந்தக் காலத்திலும் அதைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. அவர்களைப் பழைய பொருள்மேல் மோகம் கொண்டவர்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது தவறான தீர்ப்பு. இந்த ரீல் செய்யும் ஒரு வேலையை இதைவிட நன்றாகச் செய்யும் கருவி இன்னும் வரவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கருவி மிக எளிமையானது. நடுவில் ஒரு எஃகு அச்சு; அதில் தடையில்லாமல் சுழலும் ஓர் உருளை. உருளையின் விட்டம் பெரும்பாலும் 4 முதல் 4.5 அங்குலம். பக்கத்தில் இரண்டு சிறு கைப்பிடிகள். பல்சக்கரம் கிடையாது, கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் உருளையும் ஒரு சுற்று. நவீன ரீல்களில் மீன் இழுக்கும்போது தானாக நூலை விட்டுக்கொடுக்கும் வழுக்கு பிரேக் இருக்கும். இதில் அதுவும் இல்லை. சிலவற்றில் டிக் டிக் என்று ஒலிக்கும் ஒரு தடுப்பு உண்டு, தூக்கிப்போகும்போது உருளை தானாகச் சுற்றாமல் இருக்க. நிறுத்துவதும் தளர்த்துவதும் உருளையின் விளிம்பில் பட்டும் படாமலும் கிடக்கும் கட்டைவிரலின் வேலை. சிலர் சுட்டுவிரலையோ சிறுவிரலையோ வைப்பார்கள்.

ரீல் என்ற பொருள் ஆங்கிலேயருக்கு முன்பே சீனாவில் இருந்தது. சோங் அரச காலத்து ஓவியர் மா யுவான் வரைந்த, குளிர்கால ஏரியில் படகில் தனித்திருந்து தூண்டில் போடுபவரின் ஓவியத்தில் கம்போடு சேர்ந்த ரீல் தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தார் செய்தது வேறு: நூலைச் சேர்த்துவைக்கும் பெட்டியாக இருந்த ரீலை, நூலை ஓடவிடும் கருவியாக மாற்றினார்கள்.

அதற்கு அந்த ஊரின் தொழில் காரணம். 1813இல் ஜான் லீவர்ஸ் லேஸ் பின்னும் இயந்திரத்தை அங்கே உருவாக்கிய பிறகு, நாட்டிங்ஹாம் லேஸ் துணியின் தலைநகரமாயிற்று. நூல்கண்டும் சுழலும் உருளையும் மரம் கடையும் பட்டறையும் ஊர் முழுக்க இருந்தன. லேஸ் பட்டறையின் நூல் உருளையைப் பார்த்துத்தான் மர ரீலுக்கு யோசனை வந்தது என்று அங்கே சொல்வதுண்டு. டிரென்ட் ஆறு அந்த ஊரை ஒட்டி ஓடுகிறது. சால்மனும் டிரவுட்டும் பண்ணையார்களின் மீன்கள். கரையின் உரிமையும் அவர்களுடையது. பட்டறைத் தொழிலாளிக்குக் கிடைத்தவை ரோச், டேஸ், சப், பார்பெல் போன்றவை. எல்லாம் நம் கெண்டைக்கு உறவு மீன்கள். தெளிந்த, பலர் வந்து தூண்டில் போட்டுப் போட்டு மீன்கள் உஷாராகிவிட்ட ஆற்றில், கரையிலிருந்து தள்ளி நின்று, மெல்லிய பட்டுநூலில் தக்கையைத் தூரமாக ஓடவிட்டுப் பிடிக்கும் முறையை அவர்கள் வளர்த்தார்கள். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் பெய்லி 1857இல் வெளியிட்ட நூலில் இந்த முறை பதிவாகியிருக்கிறது. ‘டிரென்ட் ஆட்டர்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜே. டபிள்யூ. மார்ட்டின் 1882இல் நாட்டிங்ஹாம் பாணிக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.

மர ரீலுக்கு ஒரு தொல்லை இருந்தது. ஈரத்தில் மரம் உப்பும். உப்பினால் உருளை பின்பலகையில் உரசி நிற்கும். அதனால் பின்பலகையில் பித்தளைப் பட்டைகளைப் பதித்து அதை வளையாமல் காத்தார்கள். நட்சத்திர வடிவில் பித்தளை பதித்த அந்தப் பழைய வால்நட் மர ரீல்களை இன்றும் ஏலங்களில் பார்க்கலாம். பிறகு நாட்டிங்ஹாம்காரரான ஹென்றி காக்ஸன் வேறு வழியில் யோசித்தார். கட்டையான உருளைக்குப் பதில், சைக்கிள் சக்கரத்தில் இருப்பதுபோல் மெல்லிய கம்பிகளை வைத்து உருளையின் எடையைக் குறைத்தார். ரெடிட்ச் நகரத்தின் ஆல்காக் நிறுவனம் அதை ‘ஏரியல்’ என்ற பெயரில் 1896 முதல் விற்றது. சென்டர்பின் பற்றிப் பேசும் எவரும் அந்தப் பெயரைத் தொடாமல் போவதில்லை.

எடையை ஏன் குறைக்க வேண்டும்? இங்கேதான் இயற்பியல் சுவையாகிறது.

8 மில்லிமீட்டர் தடிமனும் 10 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு தக்கை தண்ணீரில் செங்குத்தாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு எதிராக அதைப் பிடித்து நிறுத்தினால், நொடிக்கு 60 செ.மீ. ஓடும் தண்ணீர் அதை ஏறத்தாழ 15 கிராம் எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். தக்கையை ஓடவிட ஓடவிட இழுப்பு குறையும். அதுவும் நேர்விகிதத்தில் குறையாது. தண்ணீருக்கும் தக்கைக்கும் உள்ள வேக வித்தியாசத்தின் இருமடியாகக் குறையும். இரையை அடித்தண்ணீரின் வேகத்துக்குக் கொண்டுவரத் தக்கையை நொடிக்கு 20 செ.மீ. அளவுக்குத் தாமதப்படுத்த வேண்டும். அந்த நிலையில் இழுப்பு வெறும் 1.6 கிராம் எடைக்குச் சமம். ஐந்து ரூபாய் நாணயத்தின் எடையில் பாதிகூட இல்லாத அந்த விசையைக் கட்டைவிரல் சீராகத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும், தக்கை 20 மீட்டர் போகும் வரை.

இதிலிருந்து ரீலுக்கு வேண்டிய தகுதி தானாகவே தெரிகிறது. உருளையின் சொந்த உராய்வு 1.6 கிராம் இழுப்பை விழுங்கிவிட்டால், ரீல் தானாகவே தக்கையை நொடிக்கு 20 செ.மீ. தாமதப்படுத்தும், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். அதைவிடக் குறைவாகத் தாமதப்படுத்த வழியே இருக்காது. உராய்வு ஒரே அளவாக இல்லாமல் சுற்றின் ஒரு பக்கத்தில் கூடிக் குறைந்தால் தக்கை நடுங்கி நடுங்கிப் போகும். அடியில் இரை துள்ளும். ஆகவே உராய்வு இல்லாததுபோல் இருக்க வேண்டும். தேவையான உராய்வைக் கட்டைவிரல் சேர்க்க வேண்டும்.

எடையின் விஷயம் இன்னொன்று. உருளையின் எடை 150 கிராம், அது முழுவதும் விளிம்பில் இருக்கிறது என்று கொள்வோம். 1.6 கிராம் எடைக்குச் சமமான சீரான இழுப்பு அதை நின்ற நிலையிலிருந்து நொடிக்கு 40 செ.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 4 நொடி ஆகும். தொடக்கத்தில் இழுப்பு இதைவிட அதிகம் என்பதால் உண்மையில் இவ்வளவு நேரம் ஆகாது; ஆனாலும் அதுவரை இரை அடியில் தவறான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். தேர்ந்தவர்கள் தக்கை தண்ணீரைத் தொட்டதும் விளிம்பை விரலால் லேசாக முன்னே தள்ளிவிடுவது அதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் தக்கை திடீரென்று தேங்கிய தண்ணீருக்குள் போனால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: தக்கை நிற்கும், கனத்த உருளை நிற்காது, நூல் வளையம் வளையமாகப் பொங்கிச் சிக்கிக்கொள்ளும். விளிம்பில் சேர்ந்த ஒவ்வொரு கிராமும் இந்த இரண்டு தொல்லையையும் வளர்க்கிறது. காக்ஸன் கம்பிகளை வைத்து எடையைக் குறைத்ததன் அருமை இதில் இருக்கிறது.

கடைகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார்கள். உருளையை விரலால் சுண்டிவிட்டு, எத்தனை நிமிடம் சுற்றுகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்தச் சோதனை ஆளை ஏமாற்றும். கனமான உருளை அதிகச் சுழற்சியைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஆகவே அதே உராய்வில் நீண்ட நேரம் சுற்றும். ஆற்றில் நமக்கு வேண்டியது மெதுவாகப் புறப்பட்டு மெதுவாகச் சீராகப் போகும் உருளை. நூலின் நுனியில் சிறு குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, எவ்வளவு சிறிய எடைக்கு உருளை அசைகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை. ஒரு கிராமுக்கும் குறைவான எடைக்கு அது தயங்காமல் இறங்க வேண்டும்.

இனி தக்கை. நம் ஊர்க் குளக்கரையில் மயில் தோகைக் காம்பை வெட்டித் தக்கையாகக் கட்டும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயரும் அதே காம்பைத்தான் விரும்பினார்கள். வாத்து, அன்னம், காகம் இவற்றின் இறகுக் காம்பும் முள்ளம்பன்றி முள்ளும் கூடவே உண்டு. வட இந்தியாவின் சர்க்கண்டா நாணலும் ஆங்கிலத் தக்கை செய்பவர்களின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது.

தக்கையில் பார்க்க வேண்டியது நுனி. தண்ணீருக்கு மேல் ஒரு செ.மீ. நுனி தெரியும்படி குண்டுகளைச் சேர்த்துச் சமன்செய்த தக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியின் தடிமன் 2 மி.மீ. என்றால், அந்த ஒரு செ.மீ.யை மூழ்கடிக்க 0.03 கிராம் விசை போதும். தடிமன் 6 மி.மீ. என்றால் 0.28 கிராம் வேண்டும், ஒன்பது மடங்கு. ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசை தவிர இதில் வேறெதுவும் இல்லை. அப்படியானால் எப்போதும் ஊசி நுனிதானே நல்லது என்று தோன்றும். தேங்கிய தண்ணீரில் அது சரி. ஓடும் ஆற்றில் தக்கையைப் பிடித்து நிறுத்தும்போது தண்ணீர் அதன்மேல் ஏறும். ஊசி நுனி உடனே மூழ்கிவிடும், ஒவ்வொரு சுழலையும் மீன் கொத்தியதாகக் காட்டும். வேகமான ஆற்றுக்குத் தோள் அகன்ற தக்கை தேவை. ஏவன் என்ற ஆற்றின் பெயரையே தாங்கிய ஒரு வகை உண்டு: மெல்லிய தண்டின் மேற்பகுதியில் பால்சா மரத்தாலோ நெட்டியாலோ ஆன உருண்ட உடல். மிதப்பு மேலே இருப்பதால், பிடித்து நிறுத்தினாலும் அது தலைகுப்புற விழாது. மெதுவான ஓட்டத்துக்கு ‘ஸ்டிக்’ என்னும் குச்சித் தக்கை: மேல் பாதி பால்சா, கீழ்ப் பாதி கனமான பிரம்பு. இந்த இரண்டு வகைகளையும் நூலோடு மேலும் கீழும் இரண்டு இடத்தில் ரப்பர் வளையத்தால் பிணைப்பார்கள். கீழே மட்டும் பிணைத்தால் பின்னிழுக்கும்போது தக்கை நுனி குனிந்து மூழ்கிவிடும்.

தக்கைக்குக் கீழே குண்டுகள். பிளந்த சிறு குண்டுகளை நூலில் அழுத்திப் பொருத்துவது வழக்கம். அவற்றுக்குப் பழைய அளவுப் பெயர்கள் உண்டு: எஸ்எஸ்ஜி 1.6 கிராம், ஏஏஏ 0.8 கிராம், பிபி 0.4 கிராம், எண் 8 என்பது 0.06 கிராம். எல்லாவற்றையும் தூண்டில் முள்ளுக்கு அருகே கும்பலாக வைத்தால் இரை வேகமாக அடிக்கு இறங்கும். ஆழமான, வேகமான நீருக்கு அது ஏற்றது. சட்டைப் பொத்தான் வைப்பதுபோல் சம இடைவெளியில் பரப்பினால் இரை வில்லாக வளைந்து மெதுவாக இறங்கும். நடுத்தண்ணீரில் இரை எடுக்கும் ரோச், டேஸ் மீன்களுக்கு அது பிடிக்கும். பொத்தான் முறையில் கீழே போகப் போகக் குண்டின் அளவைக் குறைப்பார்கள்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஓட்டத்தைப் பார்ப்போம். முதலில் ஆழம் அளக்க வேண்டும்: முள்ளில் ஒரு கனமான குண்டைக் கட்டி, தக்கை எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தரையின் மேடுபள்ளத்தை அறிந்துகொள்வார்கள். இதைத் தவிர்ப்பவர் ஆற்றைப் பார்க்காமல் தூண்டில் போடுகிறார். பிறகு 13 அடி நீளக் கம்பை எடுத்து, தக்கையை ஓட்டத்தின் மேல்பக்கமாக அல்லாமல் கம்பின் நுனிக்குச் சற்றுக் கீழே ஓட்டத்தில் இறக்குவார்கள். கம்பு நீளமாக இருப்பதற்குக் காரணம், நூலைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிப்பது. தக்கைக்கும் கம்புக்கும் நடுவில் நூல் தண்ணீரில் கிடந்தால், வேகமான ஓட்டம் அந்த நூலை வில்லாக வளைத்துத் தக்கையைக் குறுக்கே இழுக்கும். வளைவு தோன்றியதும் கம்பை மேல்நோக்கி ஒரு சிறு வளையமாக வீசி நூலை எடுத்து மறுபக்கம் போடுவார்கள். பழகிய கை தக்கையை அசைக்காமல் இதைச் செய்துவிடும்.

தக்கை புறப்படுகிறது. உருளை சுழல்கிறது, விளிம்பு கட்டைவிரலை வருடிக்கொண்டு போகிறது. கட்டைவிரல் கொஞ்சம் அழுத்தியதும் தக்கை தாமதிக்கிறது. அடியில் இரை தக்கையை முந்திக்கொண்டு முன்னே போகிறது. மீன் முதலில் பார்ப்பது இரையை; நூலும் குண்டும் பின்னால் வருகின்றன. ஆனால் முன்னே போகும் இரை மேலேயும் எழும்புகிறது. தக்கையிலிருந்து முள் வரை 2 மீட்டர் நூல் 30 பாகை சாய்ந்தால், இரை 1.73 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கும். தரையிலிருந்து 27 செ.மீ. எழும்பிவிட்டது. ஆகவே பிடித்து நிறுத்தப் போகிறவர் உண்மையான ஆழத்தைவிட ஒரு சாணுக்கு மேல் கூடுதலாகத் தக்கையை ஏற்றி வைக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கோசைன் அட்டவணை இல்லாமலேயே கரையோரக் கைகள் கண்டுகொண்டன.

சில இடங்களில் ஒரு நொடி முழுவதுமாக நிறுத்திவிட்டு மறுபடி விடுவார்கள். இரை தரையிலிருந்து மெல்ல எழும்பி மீண்டும் இறங்கும். அந்த எழுச்சியில் கொத்துவது பல மீன்களின் வழக்கம். தரையிலிருந்து தப்பிப் போகும் பூச்சி என்று எண்ணுகின்றன போலும்.

தீனி போடுவதும் இதே கணக்கில் அடங்கும். சிறிது புழுவைக் கையால் தூவும்போது அது நேராகக் கீழே விழாது. நொடிக்கு 10 செ.மீ. அமிழும் ஒரு புழு 2 மீட்டர் ஆழத்தை அடைய 20 நொடி ஆகும். அதற்குள் நொடிக்கு 50 செ.மீ. ஓட்டம் அதை 10 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும். மீன் கூட வேண்டிய இடத்துக்கு அத்தனை தூரம் மேலே தூவ வேண்டும். மீன் கிடைக்கவில்லை என்று புலம்புபவர்களில் பலர், தங்களுக்குக் கீழே பத்து மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்காகத் தீனி போட்டுக்கொண்டிருப்பவர்கள்.

தக்கை நுனி மறைந்ததும் கட்டைவிரல் உருளையை இறுக்கிப் பிடிக்கும், கம்பு மேலே எழும். மீன் முள்ளில் மாட்டியபின்தான் பல்சக்கரம் இல்லாததன் அருமை புரியும். இடையில் எதுவும் இல்லாததால் மீனின் ஒவ்வொரு தலையசைப்பும் நேராகக் கைக்கு வருகிறது. பார்பெல் அடியோடு அடியாகப் படுத்து ஆற்றின் நடுவே ஓடும். அதற்கு நூல் விட்டுக்கொடுப்பதும் கட்டைவிரல்தான். அனுபவமில்லாதவர் சுழலும் கைப்பிடியில் விரல்முட்டியை அடித்துக்கொள்வார். வெறும் தக்கையைத் திரும்பச் சுற்றி எடுப்பதுதான் சிரமம். 4.5 அங்குல உருளை ஒரு சுற்றுக்கு 36 செ.மீ. நூலை எடுக்கிறது, 20 மீட்டருக்கு 56 சுற்று. கைப்பிடியைச் சுற்றாமல், உருளையின் விளிம்பை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சுழலவிட்டு எடுப்பது பழகியவர்களின் வழி.

இந்த ரீலின் பெரிய குறை, தூரமாக வீச முடியாதது. இலேசான தக்கை உருளையைச் சுழற்றி நூலை உருவிக்கொண்டு போகும் அளவுக்கு விசையோடு பறக்காது. நாட்டிங்ஹாமைச் சேர்ந்த எஃப். டபிள்யூ. கே. வாலிஸ் ஒரு வீச்சைப் பிரபலமாக்கினார்: கம்பின் வளையங்களுக்கு நடுவே நூலைக் கையால் இழுத்து உருளையைச் சுழலவிட்டு, அதே இயக்கத்தில் கம்பை வீசுவது. பார்க்க அழகானது, கற்கக் கடினமானது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகர பி. டி. மல்லோக் 1884இல் வேறு தீர்வுக்குக் காப்புரிமை பெற்றார்: வீசும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பி, நூல் உருளையின் முனை வழியாகச் சுழலாமலே உருவிப் போகும்படி செய்தார். ஆனால் முனை வழியாக உருவி, நேராகச் சுற்றி எடுத்தால் நூலில் முறுக்கு சேர்ந்துகொண்டே போகும். 1920இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் சார்லஸ் ஆல்வி தொடங்கிய நிறுவனம் இதே தத்துவத்தில் கடற்கரை ரீல்களைச் செய்தது.

வீச்சுச் சிக்கலை முழுவதும் தீர்த்தவர் பிராட்ஃபோர்டு நகரத்து ஆலை முதலாளி ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். 1905இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் உருளை சுழலவே இல்லை. நூலைச் சுற்றும் கரம்தான் அதைச் சுற்றி வந்தது. பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளின் ஊர். லேஸ் ஊரில் பிறந்த ரீலும், அதை ஓரங்கட்டிய கம்பளி ஊரின் ரீலும் இரண்டுமே நூற்பாலையின் குழந்தைகள். இன்று உலகம் முழுக்க, நம் கடைகளிலும், தொங்குவது இல்லிங்வொர்த் வழிவந்த ரீல்தான். குளத்துக்கும் கடலுக்கும் தூர வீச்சுக்கும் அதற்கு ஈடில்லை, மறுப்பதற்கில்லை. ஓடும் தக்கைக்கு அதைப் பயன்படுத்துபவர்களும் விரலால் நூலைத் தட்டித் தட்டிக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆனால் நூல் சுருள் சுருளாகக் கழன்று வருவதால் அந்தக் கட்டுப்பாடு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். 1.6 கிராம் இழுப்பை இருபது மீட்டருக்குச் சீராகத் தாங்க அதனால் முடியாது. அந்த ஒரு வேலையில் சென்டர்பின் தோற்கவில்லை.

குண்டுகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நூற்றாண்டுகளாக அவை ஈயத்தால் ஆனவை. தவறி விழுந்த ஈயக் குண்டுகளை அன்னப் பறவைகள் தீனி அரைக்கும் கூழாங்கல் என்று விழுங்கின. அவற்றின் இரைப்பை ஈயத்தையும் அரைத்து இரத்தத்தில் கலந்தது. தேம்ஸ் ஆற்றின் அன்னங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. 1987 முதல் பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகளின் விற்பனைக்குத் தடை வந்தது; பிறகு அன்னங்களின் எண்ணிக்கை மீண்டது. ஈயம் போய் வேறு உலோகங்கள் வந்தும் தக்கை முன்போலவே நின்றது, மீனும் முன்போலவே கொத்தியது. நம் ஏரிகளிலும் நாரையும் வாத்தும் மேய்கின்றன; ஈயக் குண்டை இங்கேயும் கைவிட வேண்டும் என்றே நான் சொல்வேன்.

சென்டர்பின் இன்று இங்கிலாந்தைவிட உற்சாகமாகச் சுழலும் இடம் கனடா. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வேகமான ஆறுகளிலும், பெரிய ஏரிகளில் கலக்கும் ஒன்டாரியோவின் ஓடைகளிலும் கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய் வளர்ந்து திரும்பும் ஸ்டீல்ஹெட் மீன்களை இதே முறையில் பிடிக்கிறார்கள்; தக்கை பெரிது, கம்பு இன்னும் நீளம், கட்டைவிரல் ஒன்றே. ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவில் வாழும் தமிழர்களுக்கு இது எட்டும் தூரம்தான். வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ போர்ட் ஹோப் ஊரில் கனரஸ்கா ஆற்றங்கரைக்குப் போய், தூண்டில் போடுபவரின் தக்கையைப் பார்க்காமல் அவர் கட்டைவிரலைப் பாருங்கள். பிடித்துப்போனால், ஒன்டாரியோவில் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம் என்பதையும், எந்தப் பகுதியில் எப்போது தடை என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் உரிமத்தோடு நாள்காட்டியையும் பார்க்க வேண்டும்: அங்கே ஆறுகளில் பார்பெல், சப், ரோச் மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக்கூடாது.